பாய் திறக்காத பெட்டி

கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போதுதான் முதலில் உறைத்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி முக்கியதே தவிர இழுக்கவில்லை. காலையில் நாலைந்து செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். வீட்டருகே இருந்த மெக்கானிக் பிளக்கை மாற்றினார், ஏர் ஃபில்டரை மாற்றினார், கடைசியில் "பெட்ரோல் பம்ப் போச்சு சார்" என்று கைவிரித்தார். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது பம்ப் அசெம்பிளி ஒன்றை வாங்கிக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனேன்.

அங்கே சந்துகளில் சாலையோரம்தான் பட்டறை. மெக்கானிக் பாய் அம்பாசடர் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். அப்போது பம்ப் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும். மலையேறும்போது சூட்டில் பெட்ரோல் ஆவியானால் ஈரத்துணியைச் சுற்றி ஓட்டிவிடுவார்களாம். இப்போது அது டேங்க்குக்குள், பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது.

நான் கொண்டுபோன பம்ப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை. "சாவியை மட்டும் போடுங்க சார், செல்ஃப் அடிக்காதீங்க" என்று பின் சீட்டில் காதை வைத்தார். இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம். "மோட்டார் சுத்துது. எவ்வளவு தள்ளுதுன்னு பார்ப்போம்."

இன்ஜின் ஓடும்போதே பம்ப்பின் ஃபியூஸை உருவினார். லைனில் இருந்த பெட்ரோல் தீர்ந்து வண்டி தானே நின்றது. பையன் மணல் வாளியை நகர்த்தி வைத்தான். எதிர்க்கடைக்காரர் யாரும் சொல்லாமலே பீடியை அணைத்தார். குழாயைக் கழற்றி, நடுவில் டீ ஜாயின்ட் போட்டு, கேஜை மாட்டி, ஃபியூஸைத் திரும்பச் செருகி, மறுபடி ஸ்டார்ட் செய்தோம். இந்த வண்டிக்கு 3 பார் வேண்டும். முள் இரண்டைக் கொஞ்சம் தாண்டி நின்றது. ரேஸ் கொடுத்ததும் இன்னும் இறங்கியது. அணைத்த பிறகு முள் விழவில்லை. அதனால் இன்ஜெக்டர் ஒழுகவில்லை, பம்ப்பின் தடுப்பு வால்வும் பிடிக்கிறது.

அடுத்து சீட்டைத் தூக்கினார். இன்ஜின் ஓட, பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப்பின் கனெக்டரில் 9.6. "கனெக்டரைக் கழட்டிட்டுப் பார்த்தா நல்லாத்தான் காட்டும், ஏமாந்துருவீங்க. பம்ப் ஓடும்போது பார்க்கணும்." மீட்டரின் ஒரு முனையை எர்த் வயரிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வைத்தார். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் மூன்று வோல்ட்டுக்கு மேல். கார்ப்பெட்டைப் புரட்டினால், பாடியில் போல்ட் போட்ட இடத்தில் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. மழைத்தண்ணீரின் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் அடித்து இறுக்கினார். முள் மூன்றில் போய் நின்றது.

பக்கத்தில் நின்ற கால் டாக்ஸிக்கு நிஜமாகவே பம்ப் போயிருந்தது. "ஐந்நூறு ஐந்நூறா போட்டு ரிசர்வ்லயே ஓட்டுறேன் பாய்" என்றார் டிரைவர். "பெட்ரோல்தான் தம்பி மோட்டாரைக் குளிர வைக்குது. கால் டேங்க்குக்குக் கீழ விடாத." மூடியைச் சுற்றிய மண்ணைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் டேங்க்கைத் திறந்தார். பழைய பம்ப்பில் பொறித்திருந்த பார்ட் நம்பரைப் படித்து, அதே அழுத்தம், அதே கனெக்டர், இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ரப்பர் என்று பையனிடம் சொல்லி அனுப்பினார். மிதவையும் பிளாஸ்டிக்கும் நன்றாக இருந்ததால் மோட்டார், வடிகட்டி, மூடி ரிங் மட்டும் போதும் என்றார். பெரிய பம்ப்பாகப் போட்டால் பிக்கப் கூடுமா என்று டிரைவர் கேட்டார். இன்ஜின் தனக்கு வேண்டியதைத்தான் குடிக்கும், மிச்சம் டேங்க்குக்கே திரும்பிவிடும் என்று பாய் சிரித்தார்.

கிளம்பும்போதுதான் என் பெட்டியை வாங்கி லேபிளைப் பார்த்தார். "இது ரிட்டர்ன் லைன் வண்டிக்கு உள்ளது. உங்களுக்கு ரெகுலேட்டர் டேங்க்குக்குள்ளயே இருக்கு. போட்டாலும் சேராது."

கூலி 400 ரூபாய். கடையில் பம்ப்பைத் திருப்பி எடுக்கவில்லை. எலக்ட்ரிக்கல் சாமான் ரிட்டர்ன் கிடையாது என்று பில்லின் அடியிலேயே முத்திரை குத்தியிருந்தார்கள். பரணில் கிடக்கிறது.