வெள்ளம் வடிந்தபின் ஒரு வில்வண்டி

டிசம்பர் 9, 2024

நாட்கள் மனதுக்குள் குழம்பிக்கொண்டே போகின்றன. அதனால் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் கரை கடந்தது. மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் 46 செ.மீ. மழை. எங்கள் குருவிநத்தத்தில் அதையாவது தாங்கினோம். 2ஆம் தேதி விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். பெண்ணையாறு அதைச் சுமந்துகொண்டு வந்து சோரியாங்குப்பத்திலும் எங்கள் ஊரிலும் இறக்கியது.

இன்று மாட்டுக் கொட்டகையில் சேறு வாரினோம். மேற்குச் சுவர் விழுந்ததில் தாத்தாவின் வில்வண்டி வெளிச்சத்துக்கு வந்தது. அதன்மேல் உரச் சாக்கு, பழைய கைத்தெளிப்பான், கால் உடைந்த கட்டில் என்று எத்தனையோ வருடமாகப் போட்டு மூடியிருந்தோம். கூண்டின் மூங்கில் ஒடிந்துவிட்டது. இடது சக்கரத்தில் வட்டைகள் இளகி, ஆரக்கால்கள் ஆடுகின்றன. வில்லின் பட்டைகள் துருவேறி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன.

“வெறகுக்குப் போடுடா” என்றாள் அம்மா.

நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வண்டியைக் கழுவ ஆரம்பித்தேன். வீட்டுக்குள் கழுவ வேண்டியது அப்படியே கிடந்தது.

டிசம்பர் 11

அம்மா இன்றும் மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள். பத்திரம், ரேஷன் கார்டு, இரண்டு புடவை, மாத்திரை.

டிசம்பர் 18

பாகூரிலிருந்து ஆசாரி வந்தார். எழுபதைத் தாண்டியவர். இப்போது செய்வதெல்லாம் கதவு, ஜன்னல்தான். வண்டி வேலை விட்டுப் பல காலமாயிற்று. டயர் வண்டி வந்ததும் பாதி வேலை போனது, டிராக்டர் வந்ததும் மீதியும் போனது என்றார். வண்டியைச் சுற்றி வந்தார், எதையும் தொடவில்லை. பிறகு சக்கரத்தின் நடுக் குடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

“கருவேலம். கெட்டியாத்தான் இருக்குது தம்பி. குடம் போச்சுன்னா எல்லாம் போச்சு, குடம் நிக்கிதுன்னா மத்ததை மாத்திக்கலாம்.”

ஒரு சக்கரத்துக்கு ஆறு வட்டை, வட்டைக்கு இரண்டாகப் பன்னிரண்டு ஆரக்கால். எங்கும் ஓர் ஆணி கிடையாது. மரத்தை மரம் பிடித்திருக்கிறது, மொத்தத்தையும் வெளியிலிருந்து இரும்புப் பட்டா இறுக்குகிறது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது.

இடது சக்கரத்தின் மூட்டு ஒன்றைப் பிரித்தபோது உள்ளே மண். இப்போது வந்த கறுப்புச் சேறு மேலாக, அதன் அடியில் கல்லாக இறுகிய வெளிர் மண். ஆசாரி அதை நகத்தால் சுரண்டினார். “இது இந்த வெள்ளத்து மண்ணு இல்ல. ஒங்க வண்டி முன்னயும் ஒருக்கா ஆத்துத் தண்ணி குடிச்சிருக்கு.”

டிசம்பர் 19

வயலுக்குப் போனேன். சம்பா கதிர் நின்ற இடத்தில் மணல். அரை மணி நேரம்கூட நிற்க முடியவில்லை.

டிசம்பர் 29

அக்கா மகன் பிரான்சிலிருந்து பேசினான். சார்செல் பக்கம் இருக்கிறான். வண்டியை வீடியோவில் காட்டச் சொன்னான். காட்டினேன். பதிலுக்கு அவனும் ஒன்றைக் காட்டினான்: காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற பழைய கேரவான், எரிபா என்று ஜெர்மன்காரன் செய்தது. எரிக் பாகெம் என்பவர் போர்க்காலத்தில் ராக்கெட் விமானம் வடிவமைத்தவராம். போர் முடிந்தபின் 1957இல் எர்வின் ஹைமரோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்தது இந்தக் கேரவான். உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே அலுமினியத் தகடு.

“தகடு நல்லாத்தான் மாமா இருக்கு. ஜன்னல் ரப்பர் வழியா மழைத் தண்ணி எறங்கி, கீழ பிளைவுட்டு மொத்தமும் உளுத்துப்போச்சு.”

இரண்டு பேரும் தண்ணீரைத் திட்டினோம். வயலைப் பற்றிக் கேட்டான். லைன் சரியில்லை என்றேன்.

ஜனவரி 3, 2025

ரிசார்ட் ஒன்றிலிருந்து ஆள் வந்திருந்தார். வண்டியை அப்படியே வாங்கிக்கொள்வார்களாம். வார்னிஷ் அடித்துப் புல்தரையில் நிறுத்தி, பூந்தொட்டி வைத்தால் விருந்தாளிகள் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். விலை நல்ல விலைதான். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கோபம் வந்தது. ஆனால் மாடில்லாத வண்டியை நான் மட்டும் என்ன செய்யப்போகிறேன்?

ஜனவரி 5

அம்மாவிடம் அந்தக் காலத்துச் சவாரியைப் பற்றிக் கேட்டேன். வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, கடலூருக்கு ஜாலியாகப் போயிருப்பார்கள் என்று நானே ஒரு படம் வைத்திருந்தேன்.

“என்னா ஜாலி? முன்னாடி ஒங்க தாத்தா. பின்னாடி தெரைச்சீலை. நடுவுல நாங்க மூணு பொம்பளைங்க. எனக்கு வாந்திதான் வரும். கடலூர் எப்படி இருக்கும்னே தெரியாது, இறங்குற எடம்தான் தெரியும்.”

நான் தேய்த்துக்கொண்டிருந்த பித்தளைக் கம்பியை வைத்துவிட்டேன். ஆண்கள் எழுதுகிற வில்வண்டிக் கதைகளில் உட்கார்ந்திருப்பவன் எப்போதும் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான்.

பழைய மண்ணைப் பற்றியும் கேட்டேன். நான் தொட்டிலில் இருந்தபோது ஒரு தண்ணீர் வந்ததாம். “அதுக்கப்பறம் ரெண்டு வருசம் அந்தக் கழனியில மல்லாட்டைதான். நெல்லு எங்க வெளையும், மணலா போட்டுட்டுப் போச்சே.” சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 11

பட்டா ஏற்றினோம். பழைய பட்டாவின் சுற்றளவு மரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகிவிட்டிருந்தது. கொல்லர் அதை வெட்டி, மரத்தைவிடச் சற்றுக் குறைவாக வைத்து ஒட்டினார். வட்டமாக வறட்டி அடுக்கி, தென்னை மட்டை போட்டு, பட்டாவை நடுவில் வைத்துக் கொளுத்தினோம். சிவந்த இரும்பு விரிகிறது. நான்கு பேர் குறடு பிடித்துத் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்க, மரம் குப்பென்று பற்றிக்கொண்டது. “ஊத்து, ஊத்து!” குடம் குடமாக ஊற்றினோம். இரும்பு சுருங்க, ஆடிக்கொண்டிருந்த ஆரக்கால் ஒவ்வொன்றும் முனகிக்கொண்டே குடத்துக்குள் போய் உட்கார்ந்தது. தெருவே கூடிவிட்டது. வெள்ளத்துக்குப் பிறகு சும்மா வேடிக்கை பார்க்க ஜனங்கள் கூடியது இன்றைக்குத்தான்.

ஆசாரி சக்கரத்தைத் தூக்கித் தரையில் ஒரு போடு போட்டார். கணீரென்றது.

ஜனவரி 18

தை 5. ஆற்றுத் திருவிழா. வண்டியில் போகலாம் என்று மார்கழியில் எண்ணியிருந்தேன். ஷேர் ஆட்டோவில் போனோம். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நின்றன. அம்மா சுருளிக் கிழங்கு வாங்கினாள், விலை அதிகம் என்று சண்டை போட்டுத்தான். பிறகு கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஆற்றைப் பார்த்துக் கேட்டாள்: “இதுவா அவ்ளோவும் பண்ணுச்சு?”

ஜனவரி 27

நிவாரணம்: கார்டுக்கு 5,000 ரூபாய். பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 என்று அறிவித்தார்கள். மணல் அள்ளுகிற கூலியைக் கணக்குப் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 2

மாட்டு ஜோடி விலை விசாரித்தேன். சிரிப்பு வந்தது. இரண்டு மாட்டுக்கும் தீனி வைக்க வைக்கோல் எங்கே?

திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்து டி.எம்.வி. 7 ரக மல்லாட்டை விதை கிடைக்குமா என்று ஒருவரிடம் கேட்டு வைத்தேன். மார்கழிப் பட்டம் போய்விட்டது. இனி ஆடிதான். சும்மா கேட்டேன்.

வண்டி இரண்டு சக்கரத்தில் நிற்கிறது. அச்சுக்கு மை போட்டாயிற்று, கடையாணி புதிது, வில் ஒரு பக்கம் இன்னும் கிறீச்சிடுகிறது. பாக்கி கூண்டு மட்டும். ஆசாரி மூங்கிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போன பிறகு அம்மா வந்து சொல்கிறாள்: “கூண்டு எதுக்கு? தொறந்தே கெடக்கட்டும். நாலு பக்கமும் பாத்துக்கிட்டு வருவேன்ல?”

எந்த மாடு, எங்கே போக என்று நான் கேட்கவில்லை. வளைக்க மூங்கிலை ஊறப்போட்டுவிட்டாராம் ஆசாரி. உண்டா இல்லையா என்று நாளைக்குள் அவருக்குச் சொல்ல வேண்டும்.