அறுபது படிகளும் ஒரு மஞ்சள் முடிச்சும்

மூன்று ஆண் பிள்ளைகள் உள்ள வீட்டில் காலை ஏழு மணி எப்படியிருக்கும் என்பது அத்தகைய வீட்டில் வாழ்ந்தவர்களுக்கே தெரியும். திருச்சிராப்பள்ளியில் உள்ள அந்த வீட்டிலும் அப்படித்தான். மூத்தவன் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உரக்கப் பாடிக்கொண்டிருப்பான். கடைக்குட்டி ஒரு காலில் மட்டும் காலுறையோடு கூடத்தைச் சுற்றி ஓடுவான். எந்த டப்பாவில் தயிர்சாதம், எதில் இட்லி என்று தாய் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டே மூடிகளை அழுத்துவார். நடுவன் மட்டும் சீருடை அணிந்து, தலை வாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் ஆட்டோவுக்காகக் காத்திருப்பான். அவனால் எவருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. அதனாலேயே அவனை எவரும் அதிகம் கவனிப்பதும் இல்லை.

அவன் பேசத் தொடங்கியதே தாமதமாகத்தான். மூன்று வயது நிரம்பிய பின்னரும் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வாய் திறக்கவில்லை. பொறுத்திருங்கள் என்றார் மருத்துவர். பாட்டி பொறுத்திருந்ததோடு நிற்காமல் சுவாமிமலை சுவாமிநாதனிடம் ஒரு வேண்டுதலும் வைத்தார். தமது பழைய புடவையில் ஒரு துண்டைக் கிழித்து, மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்தி, பதினொரு ஒற்றை ரூபாய் நாணயங்களை அதில் முடிந்து, குழந்தைக்கு வாக்கு வந்ததும் அவன் கையாலேயே உண்டியலில் சேர்ப்பிப்பதாகப் பிரார்த்தித்துக்கொண்டார். 2019-ஆம் ஆண்டு முடிவதற்குள் பிள்ளை பேசினான். கோடை விடுமுறையில் போகலாம் என்று தீர்மானித்தார்கள். அந்தக் கோடையில் கோயில் கதவுகள் எல்லாம் அடைத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மறு ஆண்டு பாட்டி காலமானார். முடிச்சு, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் அப்படியே இருந்துவிட்டது.

2024-ஆம் ஆண்டு பங்குனிக் கடைசியில், வருஷப் பிறப்புக்காகப் பூஜை அலமாரியைத் துடைத்தபோது அது தாத்தாவின் கையில் அகப்பட்டது. அவர் அன்று பகல் முழுவதும் யாரிடமும் அதிகம் பேசவில்லை. இரவு உணவின்போது, "தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கு பாக்கி நிற்கிறது. என் முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய்விட்டு வந்துவிடலாம்" என்றார்.

மகன் மறுக்கவில்லை. அவர் மனத்தில் வேறொரு திட்டம் இருந்தது. நடுவன் வீட்டிலும் வகுப்பிலும் வாய் திறப்பதில்லை. விடுதியுடன் கூடிய ஒரு பள்ளியில் சேர்த்தால் நாலு பிள்ளைகளோடு பழகிப் பேசித்தானே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. விண்ணப்பப் படிவமும் வாங்கி வைத்தாயிற்று. "முதலில் வேண்டுதலை முடித்துவிடுவோம். ஜூனில் கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்றார். நடுவன் அப்போது அதே பந்தியில், தலை குனிந்து மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சித்திரையில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கார் புறப்பட்டது. கிருத்திகையும் விடுமுறை நாளும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துத் தேர்ந்திருந்தார் தாத்தா. படிக்கட்டு உள்ள தலங்களுக்குக் கூட்டமில்லாத நாளே முதியவர்களுக்கு உகந்தது. முன் இருக்கையில் தாத்தா. பின்னால் தாயும் மூன்று பிள்ளைகளும். ஜன்னலோரம் யாருக்கு என்ற வழக்கு தஞ்சாவூர் தாண்டியும் தீரவில்லை. இரண்டு ஜன்னல்களும் மூத்தவனுக்கும் கடைக்குட்டிக்கும் போக, நடுவன் நடுவிலேயே அமர்ந்து மடியில் மஞ்சள் முடிச்சை வைத்துக்கொண்டிருந்தான். வழியில் கடந்த ஆறுகளிலெல்லாம் மணல்தான் தெரிந்தது. மேட்டூரில் ஜூன் 12 அன்று அணை திறப்பது மரபு. அதற்கு முன் காவிரி நாட்டைக் காண்பவர்கள் இந்த ஏமாற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

கும்பகோணத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுவாமிமலை, அறுபடை வீடுகளில் நான்காவது. திருமுருகாற்றுப்படை போற்றும் திருவேரகம் இதுவே என்பர். வயலும் வாய்க்காலுமான சமவெளியில் மலைக்கு இடமில்லை, இது கட்டுமலை. கீழே மீனாட்சி சுந்தரேசுவரர் சந்நிதி; மேலே சுவாமிநாதன். தந்தை அடிவாரத்திலும் மகன் உச்சியிலுமாக இருக்கும் அமைப்பு. பிரணவத்தின் பொருள் சொல்ல முடியாமல் பிரமன் சிறைப்பட்டதும், அதை விடுவிக்க வந்த பரமன், மகன் சொல்லத் தாம் செவி சாய்த்து உபதேசம் கேட்டதும் அன்பர்கள் அறியாத வரலாறு அல்ல. அந்த உபதேசம் நிகழ்ந்த தலம் இது. மேலே செல்லும் 60 படிகளும் பிரபவ முதல் அட்சய வரையிலான 60 தமிழ் ஆண்டுகளைக் குறிக்கின்றன. ஒவ்வொரு படியிலும் அந்தந்த ஆண்டின் பெயர் பொறித்திருப்பதால், பக்தர்கள் தாம் பிறந்த ஆண்டின் படியைத் தேடிக்கொண்டே ஏறுவார்கள்.

பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு எது? "என் படி எது? என் படி எது?" என்று கடைக்குட்டி குதித்தான். தாத்தா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தபடி ஏறினார். பிரபவ, விபவ, சுக்கில... பள்ளியில் மனப்பாடம் செய்தவை. ஆறு பத்தாண்டு கழிந்தும் ஒன்றுகூடத் தவறவில்லை. இருபத்தேழாவது படியில் நின்றார். விஜய.

"இது நான் பிறந்த வருஷம். 1953."

"என் வருஷமும் விஜயதானே, தாத்தா? நான் 2013" என்றான் மூத்தவன்.

சுழற்சி அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருவதால்தான் அறுபதாம் கல்யாணம் செய்கிறோம். தாத்தாவுக்குச் சஷ்டியப்தபூர்த்தி நடந்த அதே விஜய ஆண்டில் மூத்த பேரன் பிறந்தான். இருவருக்கும் ஒரே படி. முழங்கால் வலித்ததோ, அந்தப் படியை விட மனமில்லையோ, தாத்தா ஓரமாக அதிலேயே அமர்ந்துவிட்டார். மூத்தவனும் உரிமையோடு அருகில் உட்கார்ந்தான். "விளம்பி எங்கே, விளம்பி எங்கே" என்று கேட்டுக்கொண்டு கடைக்குட்டி தாயை இழுத்துக்கொண்டு மேலே ஓடினான்.

நடுவன் தன் மன்மத படியைத் தானே கண்டுபிடித்தான். இருபத்தொன்பதாவது. அதில் ஒரு கணம் நின்றுவிட்டுக் கீழே திரும்பி, "பாட்டி என்ன வருஷம், தாத்தா?" என்று கேட்டான்.

"ஹேவிளம்பி."

அதற்கும் இரண்டு படி மேலேதான். அவன் ஏறிச்சென்று அந்தப் படியில் நின்றான். நின்றவன் நகரவில்லை. முடிச்சை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

"என்னடா நிற்கிறே? பின்னாலே ஆள் வருது பார். நட" என்று சொல்லிக்கொண்டே தந்தை ஏறி வந்தார். பையனின் உதடு அசைந்தது. அந்நேரம் பார்த்து யாத்திரைக் கூட்டம் ஒன்று 'அரோகரா' என்று முழங்கியபடி கடந்துசென்றது, ஒன்றும் கேட்கவில்லை. தந்தை சுவரோரமாக ஒதுங்கி, மகன் நின்ற படிக்கு இரண்டு படி கீழே நின்று, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"இந்தக் காசைப் போட்டுட்டா என்னை ஹாஸ்டல்லே விட்டுடுவீங்களா?"

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. சந்நிதிக்குப் போகும் வழியில் இது என்ன கேள்வி? அடுத்த கணம், பந்தியில் தாம் சொன்ன சொற்கள் அதே வரிசையில் நினைவுக்கு வந்தன. வேண்டுதலை முடித்துவிடுவோம், ஜூனில் கொண்டுபோய் விட்டுவிடலாம். ஒன்று முடிந்தால் மற்றது என்றுதானே பிள்ளை கேட்டிருக்கிறான். காலையிலிருந்து அவன் அந்த முடிச்சைத் தாயிடம்கூடக் கொடுக்காததன் காரணம் இப்போது விளங்கியது.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைடா. இது பாட்டி உனக்காக வேண்டிக்கிட்டது."

"அப்போ ஹாஸ்டல்?"

வழக்கமாக அவர் இத்தகைய கேள்விகளுக்கு, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்பார். அன்று அப்படிச் சொல்லவில்லை. "உனக்குப் பேச வரணும்னுதான்" என்றார்.

"எனக்குப் பேச வரும்பா. நான் ஆரம்பிக்கிறதுக்குள்ளே அண்ணனும் தம்பியும் சொல்லி முடிச்சுடறாங்க. அப்புறம் நீங்களும் எழுந்து போயிடறீங்க."

இதைச் சொல்லி முடிக்க அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை நிறுத்தினான். தந்தை தலையை நிமிர்த்தவில்லை. விஜய படியில் அமர்ந்திருந்த தாத்தாவுக்கு எந்தச் சொல்லும் கேட்கவில்லை. தம் மகன் தலை சாய்த்து நிற்பது மட்டும் தெரிந்தது. அவர் மூத்தவனின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

மேலே நேத்திர விநாயகரை வணங்கி உள்ளே சென்றார்கள். சந்நிதிக்கு எதிரே மயில் இல்லை, யானை நிற்கிறது. இந்திரன் காணிக்கையாக அளித்த ஐராவதம் என்பது தலவரலாறு. "மயில் எங்கே போச்சு?" என்று கடைக்குட்டி கேட்ட குரல் மண்டபம் முழுவதும் ஒலித்தது. தண்டம் ஏந்தி, இடக் கையை இடையில் ஊன்றி நிற்கும் சுவாமிநாதனுக்குத் திருநீற்று அபிஷேகம் நடக்கையில் முதிர்ந்த ஞானியாகவும், சந்தனக் காப்பில் வாலிபனாகவும் தோன்றுவான் என்று அன்பர்கள் சொல்வது வழக்கம். அன்று வாய்த்தது விபூதி அலங்காரம். தாத்தா நெடுநேரம் கண்களை மூடவே இல்லை.

உண்டியல் அருகே நடுவன் முடிச்சை அவிழ்த்தான். ஐந்தாறு ஆண்டு இறுகிய முடிச்சு. பல்லால் இழுக்கப் பார்த்தவனைத் தாய் தடுத்து, நகத்தால் நெகிழ்த்திக் கொடுத்தார். பதினொரு நாணயங்களையும் ஒவ்வொன்றாகவே போட்டான். அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். தந்தை, "அவனே போடட்டும்" என்றார்.

கீழே இறங்கியதும், பிள்ளைகளுக்காகச் சிற்பக்கூடம் ஒன்றுக்குப் போனார்கள். ஐம்பொன் திருமேனிகள் வார்ப்பதில் சுவாமிமலை ஸ்தபதிகளின் புகழ் உலகறிந்தது. தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்தே தாள அளவு வகுக்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்த மெழுகில் முதலில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணை அதன்மேல் படிப்படியாகப் பூசிக் காயவைக்கிறார்கள். பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியேறும். உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க வேண்டும். ஆகவே ஓர் அச்சில் ஒரு திருமேனிதான். அதே போல் இன்னொன்று வேண்டுமென்றால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மூத்தவனும் கடைக்குட்டியும் விலை கேட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டார்கள். நடுவன் மட்டும் மெழுகில் ஒரு விரல் உருவாவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஸ்தபதியிடம் நான்கு கேள்விகள் கேட்டான். தாய் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்.

கும்பகோணத்தில் மதிய உணவு. வெயில் தாழத் தாராசுரம். இரண்டாம் ராஜராஜ சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. குதிரைகள் இழுக்கும் கல் தேர் மண்டபத்தையும், ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பத்தையும் பேரப் பிள்ளைகளோடு போகும் எவரும் தவறவிடக் கூடாது. தட்டினால் ஸ்வரம் எழும் படிகளுக்குக் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வருத்தம்தான், ஆனால் அவர்கள் மூவரையும் பார்த்தால் தடுப்பு போட்டவர்களைக் குறை சொல்லத் தோன்றாது.

திரும்பும் வழியில் நடுவன் பேசத் தொடங்கினான். மெழுகு எப்படி வெளியே வருகிறது, மண் ஏன் வெடிப்பதில்லை என்று ஒவ்வொன்றாக. "எனக்குத் தெரியும், அது வந்து" என்று மூத்தவன் இடையில் புகுந்தான்.

"அவன் முடிக்கட்டும்" என்றார் தந்தை, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தஞ்சாவூர் விளக்குகள் பின்னால் போன பிறகும் அவன் முடிக்கவில்லை. கடைக்குட்டி தாயின் மடியில் உறங்கிவிட்டான்.

வீடு வந்து சேர்ந்ததும் தாத்தா, "முடிச்சுத் துணி எங்கேடா? அதையும் உண்டியலில் போட்டுவிட்டாயா?" என்று கேட்டார்.

"இல்லை தாத்தா. பாட்டி காசைத்தானே வேண்டிக்கிட்டாங்க. துணி பாட்டியோட புடவை" என்று சொல்லிச் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான் நடுவன்.

ஜூன் மாதம் மூன்று பிள்ளைகளும் அதே ஆட்டோவில் பழைய பள்ளிக்கே சென்றார்கள். விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் கடைக்குட்டி ஒரு யானை வரைந்திருக்கிறான். மஞ்சள் துணி நடுவனின் பென்சில் பெட்டியில் இருக்கிறது.