9.8 வராத நாள்

உயர்தரம் படிக்கேக்க நான் ஒரு பொய் எழுதினேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. எளிய ஊசல் செய்முறை அது. ஐந்து பேருக்கு ஒரு நிறுத்தற் கடிகாரம். எங்கட முறை வரேக்க மணி அடிக்கிற நேரம். இரண்டு நீளங்களுக்கு மட்டும் அலைவுகளை எண்ணினோம். மிச்ச நாலு வாசிப்பையும், விடை 9.8 வருகிற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் பார்த்து எழுதினோம். வரைபில் புள்ளிகள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நின்றன. சேர் பார்த்துச் சரி போட்டார்.

இப்ப ஊர் வாசிகசாலையில் நாலு பிள்ளைகளுக்கு நான் பௌதிகவியல் சொல்லிக் குடுக்கிறேன். கருவி என்று சொல்ல ஒரு மீற்றர்க் கோல் மட்டும்தான் இருக்கு. “அண்ணா, ஒருக்காவாவது இந்த ஜியை நாங்களே அளந்து பாக்கேலாதா?” என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அந்தக் கேள்வியாலதான் டிராக்கரைத் தேடிப் போனேன்.

டிராக்கர் ஒரு திறந்த மூல மென்பொருள். டக்ளஸ் பிரவுன் என்ற பௌதிகவியல் ஆசிரியர் உருவாக்கியது. காசு இல்லை. விழுகிற பந்தை வீடியோ எடுத்துக் குடுத்தால், ஒவ்வொரு பிரேமிலும் பந்து எங்க நிக்குது என்று குறிக்கலாம். அதிலிருந்து இடம், வேகம், ஆர்முடுகல் எல்லாவற்றையும் அது கணக்கிட்டு வரைபாகத் தரும்.

இன்ஸ்டோல் பண்ணுறது பெரிய வேலையில்லை. ஜாவாவும் வீடியோவைத் திறக்கிற பகுதியும் அதோடயே வந்தன. ஆனால் என்ர போனில் எடுத்த வீடியோ திறக்கவில்லை. அரை நாள் மண்டையைப் போட்டு உடைச்ச பிறகுதான் விளங்கினது, போன் எச்.265 என்ற வடிவத்தில் சேமிக்குது என்று. கமரா செற்றிங்கில் எச்.264க்கு மாற்றினேன், திறந்திட்டுது. நீங்கள் செய்து பார்க்கிறதென்றால் முதலில் இதை மாற்றுங்கோ.

பிறகு மூன்று வேலை. ‘கலிபிரேஷன் ஸ்டிக்’கை வீடியோவில் தெரிகிற மீற்றர்க் கோலின் மேல் வைத்து, இது 1 மீற்றர் என்று சொல்ல வேணும். அச்சுகளை வைக்க வேணும். ‘பொயின்ட் மாஸ்’ ஒன்றை உருவாக்கி, ஷிஃப்டை அமத்திக்கொண்டு ஒவ்வொரு பிரேமிலும் பந்தின் நடுவில் கிளிக் பண்ண வேணும். செக்கனுக்கு 30 பிரேம் என்றால், 1 மீற்றர் விழுகிற பந்துக்கு 13 புள்ளிதான் கிடைக்கும்.

புள்ளி கூட வேணும் என்று ஸ்லோ மோஷனில் எடுத்தோம். ஜி 0.7 என்று வந்தது. “அண்ணா, நாங்கள் சந்திரனிலயா நிக்கிறம்?” சந்திரனில் கூட 1.6 இருக்கு! என்ர போன் செக்கனுக்கு 120 பிரேம் எடுத்து, அதை 30 ஆக ஓடவிட்டுச் சேமித்திருக்கு. நேரம் நாலு மடங்கு நீண்டால் ஆர்முடுகல் பதினாறில் ஒரு பங்காகும். கிளிப் செற்றிங்கில் 120 என்று குடுத்தவுடன் அந்தப் பிழை போனது.

ஆனால் இப்ப 10.8 வந்தது. திரும்ப எடுத்தோம், திரும்பவும் 10.8. மென்பொருள்தான் பிழை என்று நான் சொல்லிவிட்டேன். அந்தத் தங்கச்சிதான் எழும்பிப் போய்ச் சுவரைப் பார்த்தாள். கோல் சுவரில் சாத்தியிருந்தது. பந்து விழுந்தது சுவருக்கு 20 சென்ரிமீற்றர் முன்னால். கமரா பந்திலிருந்து 2 மீற்றரில். தூரத்தில் நிற்கிற கோல் சின்னதாகத் தெரியும், அதால் அளக்கப்பட்ட பந்தின் பயணம் பத்து வீதம் நீண்டு போகும். 9.8இன் பத்து வீதத்தைக் கூட்டிப் பாருங்கோ.

முற்றத்துக்குப் போனோம். நல்ல வெயில், பந்து மங்காமல் தெரிந்தது. கோலைப் பந்து விழுகிற இடத்துக்கு நேரே நட்டோம். இந்த முறை 9.6.

“அண்ணா, கிட்டத்தானே வந்திருக்கு. 9.8 எண்டு போடட்டா?”

ஓம் என்று சொல்ல வாய் வந்தது உண்மை. எனக்கு அந்தக் கடைசி நாலு வாசிப்பும் ஞாபகம் வந்தது. அண்டைக்கு எங்களுக்குச் சரி கிடைச்சது; ஊசலைப் பற்றி ஒண்டும் கிடைக்கவில்லை. 10.8 வந்த அண்டைக்கு 9.8 எண்டு எழுதியிருந்தால், சுவருக்கும் பந்துக்கும் இடையில் இருந்த அந்த 20 சென்ரிமீற்றர் எங்களுக்குத் தெரிந்தே இராது.

நான் என்ர பொய்யை அவர்களுக்குச் சொன்னேன். நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு தம்பி, “அப்ப சேருக்கும் தெரிஞ்சிருக்குமோ?” என்று கேட்டான். எனக்கு அதற்கு விடை இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். புத்தகத்தில் இருக்கிற 9.81 எல்லா இடத்துக்கும் ஒரேமாதிரிப் பொருந்தாது. பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிற எங்கட பக்கம் அது 9.78 அளவில்தான். புத்தகத்து 9.81, எங்கட மண்ணின்ர விடை இல்லை.

தங்கச்சி கொப்பியில் 9.6 என்று எழுதினாள். கீழே காரணங்கள்: காற்றுத் தடை, கிளிக் பண்ணின இடம், கோல் கொஞ்சம் சரிஞ்சது. கடைசி வரியில், “ரெனிஸ் பந்துக்குப் பதிலாகப் பாரமான ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும்” என்று இருந்தது.

வாற சனிக்கிழமை ஒரு கிரிக்கெட் பந்து கொண்டு போறேன்.