கண்ணுக்குத் தெரியாத கோடு

ஓவியர் பால் க்ளே ஒரு தாளில் கறுப்பு எண்ணெய் வண்ணத்தைப் பூசி அரைகுறையாகக் காயவிடுவார். அதை வெள்ளைத் தாள்மேல் கவிழ்த்து, அதற்கும் மேலே தன் கோட்டோவியத்தை வைத்து, ஊசிமுனையால் கோடுகளின் மேல் அழுத்தி இழுப்பார். கையால் செய்த கார்பன் தாள், அவ்வளவுதான். கீழே பதியும் கோட்டின் ஓரம் பிசிறும். கை ஊன்றிய இடமெல்லாம் கறுப்பு தீற்றிக்கொள்ளும். அதன்மேல் நீர்வண்ணம் பூசினாலும் எண்ணெய்க்கோடு கரையாது. 1922-இன் ‘கீச்சிடும் எந்திரம்’ இப்படி வந்த படம்தான்.

இந்த முறையை நானும் செய்கிறேன், என் மாணவர்களுக்கும் கொடுக்கிறேன். பக்குவமெல்லாம் காயும் நேரத்தில் இருக்கிறது. விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும். கறுப்பு விரலில் ஏறக் கூடாது. மாணவர்கள் முதலில் செய்வது, ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது! பதியும் கோடு தெரியாமல் வரைவது அவர்களுக்குப் பொறுக்காது. எனக்கோ அதில்தான் ருசி. திருத்த வழியில்லாததால் கை தன் போக்கில் போகிறது.

கை அறிந்ததை வாயால் சொல்லவேண்டிய கட்டாயம் க்ளேவுக்கு 1921-இல் வந்தது, ஜெர்மனியில் வைமார் நகரின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில். பாடங்களை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். அப்படிச் சேர்ந்த குறிப்புகள் ஏறத்தாழ 3,900 பக்கம். 1925-இல் அதில் ஒரு சிறு பகுதி ‘கற்பித்தல் குறிப்பேடு’ என்று நூலானது. எடுத்ததுமே, போகுமிடம் தீர்மானிக்காமல் உலாவும் ஒரு கோடு. பிறகுதான் அம்பு, சமநிலை, ஈர்ப்பு எல்லாம்.

புத்தகம் கட்டும் பட்டறை, கண்ணாடி ஓவியப் பட்டறை என்று பள்ளி அவரை இடம் மாற்றிக்கொண்டே இருந்தது. டெஸ்ஸாவுக்குப் பள்ளி பெயர்ந்த பின் நெசவுப் பட்டறைக்காரர்களுக்கும் வகுப்பெடுத்தார். குன்டா ஷ்டோல்ஸ்ல், அன்னி ஆல்பர்ஸ் போன்றோர் அவரிடம் படித்தவர்கள். ஒரு நிறம் படிப்படியாக இன்னொன்றாக மாறும் கணக்கை அவர் கரும்பலகையில் போட்டால், ஊடும் பாவுமாக வேலை செய்கிறவர்களுக்கு அது மறுநாளே பயன்படும். ஓவிய மாணவர்களைவிட நெசவாளர்களே க்ளேவிடம் அதிகம் பெற்றார்கள் என்பது என் கட்சி. ஓவியர்கள் பலர் அவரைப் போலவே வரையப் பார்த்தார்கள். தறியில் அந்த ஆபத்து குறைவு.

பள்ளி வேலை தன் வரையும் நேரத்தைத் தின்கிறது என்று அவருக்குச் சலிப்பு. 1931-இல் டுசெல்டார்ஃப் கலைக்கழகத்துக்கு மாறினார். 1933-இல் நாஜிகள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குத் திரும்பிவிட்டார்.

இடைப்பட்ட 1932-இல் வரைந்தது ‘அட் பர்னாசும்’. ஒரு மீட்டருக்கு மேல் அகலம், அவர் அளவுக்குப் பெரிய படம். மங்கிய நிறக் கட்டங்களின் மேல் முத்திரை குத்தியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள். ஆரஞ்சிலிருந்து நீலத்துக்குப் போகும் வழியில் எந்தப் படியும் விட்டுப்போகவில்லை. அந்தப் படிகளை ஆண்டுக்கணக்கில் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியிராவிட்டால் இந்தப் படத்தை அவர் வரைந்திருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை.