நொய்யல் வழியே ஒரு நாள்

எங்கள் பல்லடத்தில் தறிகள் உண்டு. கோழிப் பண்ணைகள் உண்டு. நாலு திசைக்கும் சாலைகள் உண்டு. ஆறு மட்டும் கிடையாது. ஆற்றைக் காண வேண்டுமென்றால் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் புறப்பட்டோம். திருப்பூரில் நொய்யலைப் பிடித்து, அவள் காவிரியில் கலக்கும் இடம் வரையில் போய் வருவதென்று ஏற்பாடு.

புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டியாகிவிட்ட சமயத்தில், திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமனார், "நானும் வாரனுங்க, மாப்பிள்ளை" என்றார். வீட்டில் எல்லோரும் ஆச்சரியப்பட்டோம். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே அவருக்குப் பூமி இருந்தது. அது கெட்டுப்போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். பல வருஷங்களாக அந்த ஆற்றின் பெயரையே அவர் வாயால் கேட்டதில்லை.

வெள்ளியங்கிரி மலைச் சாரலில் பிறந்து, பேரூரையும் கோவையையும் தாண்டி வருகிறது நொய்யல். பேரூர்ப் புராணம் அவளைக் காஞ்சிமாநதி என்று கொண்டாடுகிறது. திருப்பூரில் ரயில் நிலையத்தருகே குமரன் நினைவிடத்தில் இறங்கி வணங்கினோம். சட்ட மறுப்பு ஊர்வலத்தில் கொடியேந்திச் சென்று, தடியடி பட்டு வீழ்ந்து, 1932-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி அந்த இளைஞர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. கதரும் சுதேசித் துணியும் அன்று வெறும் வியாபாரமல்ல, விரதம். அதே ஊர்தான் இன்று உலகத்துக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்புகிறது. அந்த வியாபாரத்தில் கணக்கெழுதித்தான் நானும் குடும்பம் நடத்துகிறேன்.

அங்கிருந்து ஊத்துக்குளிச் சாலை. சர்க்கார் பெரியபாளையத்தில் சுக்ரீவன் பூஜித்ததாகச் சொல்லப்படும் சுக்ரீசுவரர் கோயில் இருக்கிறது. பழைய கற்றளி, தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் உள்ளது. அதற்குச் சமீபத்தில் நஞ்சராயன் குளம். இது பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் தலங்களின் வரிசையிலும் இடம் பெற்றது. பட்டணத்து இரைச்சலுக்கு இவ்வளவு பக்கத்தில் இத்தனை பறவைகளா என்று குழந்தைகள் வாயைப் பிளந்தார்கள். எண்ணத் தொடங்கி, நூறு தாண்டியதும் சண்டை வந்துவிட்டது!

மத்தியானம் கொடுமணலில் ஒரு வேப்ப மரத்தடியில் சோற்று மூட்டையை அவிழ்த்தோம். பார்வைக்குச் சாதாரணக் கிராமம். ஆனால் பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்வது இந்த ஊரைத்தான் என்பது அறிஞர் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் இங்கே அகழ்ந்து பார்த்தார்கள். தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், இரும்பு உருக்கிய உலைகள், பச்சைக் கல்லும் சூதுபவளமும் தீட்டிய பட்டறைகள், நூல் நூற்கும் தக்களிகள் எல்லாம் வெளிப்பட்டன. கல்லுக்குப் பக்கத்திலேயே படியூர் இருந்தது. மேல் கடற்கரைக்கும் சோழ நாட்டுக்கும் நடுவே இருந்த வணிக வழியில் இவ்வூர் அமைந்திருந்தது. ஆகவே நொய்யற்கரையில் தொழில் நடப்பது புதிதல்ல. இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம். அந்தத் தொழிலாளர் போன பிறகும் ஆறு ஆறாகவே இருந்தது.

கொடுமணலுக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் ஒரத்துப்பாளையம் அணை. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டியது. ஆனால் அணையில் வந்து தேங்கியது மழை நீர் மட்டுமல்ல. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவும் சேர்ந்து தேங்கியது. தண்ணீர் வேண்டுமென்று காத்திருந்த உழவர்களே, இந்தத் தண்ணீர் வேண்டாமென்று நீதிமன்றத்துக்குப் போகும்படி ஆயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்து, அதே நீரை மறுபடியும் உபயோகிக்க வகை செய்தவர்களுக்கே பிறகு திறக்க அனுமதி கிடைத்தது.

மாமனார் அணைக்கரையில் வெகு நேரம் நின்றார். கைத்தடி மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது.

"எங்க கிணத்துத் தண்ணியெத் தொட்டியில ஊத்தினேன். மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியெத் திருப்பிக்கிச்சு. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார்.

"ஆத்தை யாரு அப்புச்சி கெடுத்தாங்க?" என்று கேட்டாள் என் மகள்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "வேணும்னு யாரும் கெடுக்கலெ, கண்ணு. எல்லாத்துக்கும் சோறு வேணுமல்லொ?" என்றார்.

அவர் கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

சென்னிமலையில் ஏறிச் சுப்பிரமணியரைத் தரிசிக்கப் பொழுதில்லை. அடிவாரத்திலிருந்தே கும்பிட்டோம். குமரன் 1904-இல் பிறந்தது இந்த ஊரில்தான் என்று சொன்னதும், "காலையிலே பார்த்தோமே, அவரா?" என்று பையன் குதித்தான். கடைத்தெருவில் என் மனைவி கைத்தறிப் போர்வை இரண்டு வாங்கினாள்.

கொடுமுடி சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. மூவர் பாடல் பெற்ற தலம். மும்மூர்த்திகளுக்கும் இங்கே சந்நிதி உண்டு. பிரமதேவர் வன்னி மரத்தடியில் வீற்றிருக்கிறார். தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் இடமும் இதுவே. கே. பி. சுந்தராம்பாளின் கணீரென்ற குரல் பிறந்த ஊரும் இதுவே.

கடைசியாக, கொடுமுடிக்குச் சற்றுத் தெற்கே நொய்யல் என்ற கிராமம். ஆற்றின் பெயரே ஊருக்கும். சிறிய நீரோட்டமாக வந்த நொய்யல், அகன்ற காவிரியில் கூச்சத்தோடு சேருகிறது. மாமனார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். ஒரு கை நீரை அள்ளி முகர்ந்து பார்த்தார். குடிக்கவில்லை. காலை மட்டும் நனைத்துக்கொண்டு கரையேறி, "முன்னைக்குத் தேவலாமுங்க, மாப்பிள்ளை" என்றார்.

காங்கயம் வழியாக வீடு திரும்ப இரவாகிவிட்டது. கொங்கு நாட்டு நேயர்கள் குழந்தைகளோடு ஒரு முறை இந்த வழியே போய் வர வேண்டும். கோயிலும் குளமும் மட்டும் போதாது, அணையையும் காட்டுங்கள். முடிந்தால் வயதானவர் ஒருவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.

மறுநாள் காரியாலயத்தில் சாயக்கூலி ரசீதுகள் என் மேஜைக்கு வந்தன. சுத்திகரிப்புச் செலவால் கூலி ஏறிவிட்டதென்று மாதந்தோறும் முணுமுணுப்பது என் வழக்கம். அன்று ஒன்றும் சொல்லாமல் பதிந்துகொண்டேன்.