தூங்கிய தோள்

நமது ஊர் பெண்ணாடம். வெள்ளாற்றங்கரையில், விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது. தேவாரப் பாராயணம் நடக்கும் வீடுகளில் திருத்தூங்கானை மாடம் என்றால் உடனே விளங்கிக்கொள்வார்கள். யானை படுத்து உறங்குவது போன்ற வடிவில் கோயில் விமானம் அமைந்திருப்பதால் வந்த பெயர் அது. சமண சமயத்திலிருந்து மீண்டு வந்த திருநாவுக்கரசர் இந்த ஸ்தலத்திலேதான் தமது தோள்களில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறித்தருள வேண்டுமென்று விண்ணப்பித்துப் பெற்றார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு.

தோளுக்கென்றே வரம் கிடைத்த அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தும், நமக்குத் தோளிலேதான் விபத்து வந்து சேர்ந்தது. விபத்து என்றால் வாசகர்கள் ஏதோ மாடியிலிருந்து விழுந்ததாக எண்ணிவிட வேண்டாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காலையில் சட்டை மாட்டிக்கொள்ளும்போது வலது தோளில் சுருக்கென்று ஒரு வலி உண்டாயிற்று. அவ்வளவுதான்.

நாம் கணக்கு உபாத்தியாயர். வயது நாற்பத்தேழு. இருபது வருஷங்களாகக் கரும்பலகையோடு மல்லாடி வரும் கைக்கு இப்படி ஒரு சுளுக்கு உண்டாவது சகஜம் என்று நினைத்து அதை அலட்சியம் செய்தோம். சுளுக்கு போகவில்லை. இராத்திரி வலப்பக்கம் புரண்டால் தூக்கம் கலைந்தது. இரண்டு மாதத்தில் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோக முடியாமல் போயிற்று. மூன்றாவது மாதம், கை தோள் மட்டத்துக்கு மேலே எழும்ப மறுத்துவிட்டது.

அதன் விளைவு வகுப்பில் தெரிந்தது. பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதலானோம். ஒரு நாள் வடிவியல் பாடத்தில் வட்டம் ஒன்று போட்டபோது, கடைசி வரிசைப் பையன் எழுந்து, "ஸார், வட்டத்தைக் கொஞ்சம் மேலே போடுங்கள். முன்னால் இருப்பவன் தலைதான் எங்களுக்கு வட்டமாகத் தெரிகிறது" என்றான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது, பலகையில் எழுத முடியாத கணக்கு வாத்தியாருக்கு இனி என்ன வேலை என்ற பயம் நெஞ்சை அடைத்துக்கொண்டது.

நமது தெருவில் வைத்தியத்துக்கு என்றுமே பஞ்சமில்லை. ஒருவர் தைலத்தின் பெயர் சொன்னார். இன்னொருவர் ஒத்தடத்துக்கு நொச்சி இலை கொண்டு வந்து கொடுத்தார். வேறொருவர் கையைப் பிடித்து இழுத்து, "இதோ விட்டுவிடும் பாருங்கள்" என்றார். விட்டது நமது உயிர்தான்! எல்லோரும் ஏகமனதாகச் சொன்ன யோசனை ஒன்று உண்டு. "கையை அசைக்காதீர்கள். ஓய்வு கொடுங்கள்" என்பதே அது. அந்த யோசனையைத்தான் நாம் மிகவும் பக்தியுடன் பின்பற்றினோம். மேல்துண்டைத் தூளிபோல் கழுத்தில் கட்டி, அதில் கையை இட்டு இரண்டு வாரம் வைத்திருந்தோம். தூளியிலிருந்து எடுத்தபோது கை முன்னைவிட இறுகிப்போயிருந்தது.

கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். நமக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதென்ற செய்தி அன்றைக்குத்தான் தெரிந்தது. தோளுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "நிரம்ப சம்பந்தம் உண்டு" என்று சொல்லிவிட்டு, நம்மை ஒரு பிஸியோதெரபி நிபுணரிடம் அனுப்பி வைத்தார். தமிழில் இயன்முறை மருத்துவம் என்கிறார்கள்.

நிபுணர் என்றவுடன் நரைத்த தலையை எதிர்பார்த்துப் போன நமக்கு, நமது பழைய மாணவிகளின் வயதில் ஒரு பெண் எதிரே வந்து நின்றது சற்று ஏமாற்றமாகவே இருந்தது. அந்தப் பெண் நம்மைக் கையைத் தூக்கச் சொல்லி, திருப்பச் சொல்லி, ஒரு கருவியால் கோணத்தை அளந்து எழுதிக்கொண்டாள். நாம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே கோணமானி வித்தைதான்! பிறகு விளக்கினாள்.

தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாகவும், சர்க்கரை வியாதியுள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாகவும், அந்த உறை வீங்கித் தடித்துச் சுருங்கிவிடுகிறது. துவைத்துச் சுருங்கிய சட்டைக்குள் கையை நுழைத்தாற்போல் மூட்டு அகப்பட்டுக்கொள்கிறது. பாஸ்டன் நகரத்து அறுவை நிபுணர் எர்னெஸ்ட் காட்மன் என்பவர் 1934-ல் இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயரிட்டார். இதற்கு மூன்று பருவங்கள். முதலில் வலி மிகுந்த பருவம், அடுத்தது இறுகும் பருவம், பிறகு மெல்ல இளகும் பருவம். எல்லாம் முடிய ஒரு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம்.

"மூன்று வருஷமா!" என்று அலறினோம்.

"பயப்படாதீங்க ஸார். அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தால்தான் கஷ்டம்" என்றாள்.

அவள் கொடுத்த மருந்து நான்கு பயிற்சிகள். முதலாவது, நல்ல கையை மேஜைமேல் ஊன்றிக் குனிந்து நின்று, நோயுற்ற கையைத் தொங்கவிட்டுக் கடிகாரப் பெண்டுலம்போல் சிறு வட்டமாக ஆட்டுவது. இதற்கும் மேற்படி காட்மனின் பெயரே வழங்குகிறது. இரண்டாவது, சுவரோரம் நின்று விரல்களால் சிலந்தி ஏறுவதுபோல் மேலே ஏறுவது. மூன்றாவது, முதுகுக்குப் பின்னால் துண்டை இரு கைகளாலும் பிடித்து, நல்ல கையால் மெல்ல மேலே இழுப்பது. நான்காவது, மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ஒரு கோலின் உதவியால் முன்கையை வெளிப்புறமாகத் தள்ளுவது. முன்னதாக வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் ஒத்தடம். ஒவ்வொன்றும் பத்து முறை, தினம் மூன்று வேளை. செய்யும்போது சிறிது வலிக்கலாம். மறுநாள் காலையிலும் அந்த வலி கூடுதலாக நின்றால் அளவு மீறிவிட்டோமென்று அர்த்தம். இதுவே விதி.

இவ்வளவுதானா, இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று தோன்றியது. மின்சார யந்திரம் ஏதாவது வைப்பாள் என்று எதிர்பார்த்திருந்தோம். ஆகவே முதல் வாரம் பயிற்சியில் முக்கால்வாசியைச் செய்யவில்லை. மறு வாரம் கோணத்தை அளந்த அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "வீட்டுப்பாடம் செய்யலையா, ஸார்?" என்றாள். இருபது வருஷமாக நாம் கேட்டு வந்த கேள்வி அது. நமது மாணவர்கள் சொல்லும் பதில்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒன்றையும் சொல்லத் துணிவு வரவில்லை.

நிற்க. இந்தக் கலை நேற்று முளைத்ததல்ல. ஸ்வீடன் தேசத்தில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-ல் ஸ்டாக்ஹோமில் தேகப்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவி, பயிற்சியை வைத்தியமாக்கினார். 1894-ல் இங்கிலாந்தில் நான்கு செவிலியர்கள் கூடி, பயிற்சி பெற்ற உடல் பிடிப்போருக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். முதல் உலக யுத்தத்தில் கையும் காலும் சேதப்பட்டுத் திரும்பிய சிப்பாய்கள் இதன் தேவையை உலகத்துக்கு உணர்த்தினார்கள்.

நமது தமிழ்நாட்டிலும் பெருமைக்குரிய வரலாறு ஒன்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம்பெண் பணியாற்றி வந்தார். 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனார். படுத்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டின் வழிகாட்டுதலில், தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்ற நிபுணரிடம் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். 1966-ல் அங்கே புனர்வாழ்வு நிலையமும் எழுந்தது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கத்தியால் விரலை நிமிர்த்தி வைத்தால் போதாது. நிமிர்ந்த விரலுக்குப் பிடிக்கவும் விடவும் மறுபடி கற்றுக் கொடுத்தால்தான் அது கையாகும் என்பதே அந்த நிலையம் நாட்டுக்குக் காட்டிய பாடம்.

இந்தப் பாடம் தோளுக்கு மட்டும் உரியதல்ல. கணுக்கால் பிசகினால் வீக்கம் அடங்க ஓரிரு நாள் ஓய்வு வேண்டியதுதான். அதன்பின் மெல்ல ஊன்றி நடந்து, ஒற்றைக் காலில் நிற்கவும் பழகாவிட்டால் அதே கால் மறுபடி பிசகும். முழங்கால் தேய்ந்தவர்களுக்குத் தொடைத் தசையை வலுப்படுத்துவது நல்ல உபாயம். முதுகுவலியோ உலகப் பொதுவான உபத்திரவம். 2020-ல் உலகமெங்கும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு அது இருந்ததென்று கணக்கு. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாட்பட்ட இடுப்புவலிக்குப் பயிற்சியைச் சிபாரிசு செய்திருக்கிறது. இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையும் வழக்கமாக வேண்டாமென்று சொல்லியிருக்கிறது. வீட்டில் பெல்ட் வாங்கி வைத்திருக்கும் அன்பர்கள் கவனிக்கவும்.

ஆயினும் எல்லா வலிக்கும் பயிற்சியே மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. விழுந்தபின் மூட்டு கோணிக்கொண்டாலும், வலியோடு காய்ச்சல் இருந்தாலும், கால் மரத்து நீர் பிரிவது கட்டுமீறினாலும், தோள்வலியோடு மார்பில் இறுக்கம் உண்டானாலும், தாமதமின்றி டாக்டரிடம் ஓட வேண்டும். உறைந்த தோளுக்குங்கூட ஊசியும் அறுவையும் உண்டு. பிரிட்டனில் 503 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசியோடு கூடிய பயிற்சி, மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்து விடுவது, துளை வழியே உறையை அறுத்து விடுவது ஆகிய மூன்றில் எதுவும் ஒரு வருஷ முடிவில் மற்றவற்றைவிடப் பெரிதாக மேம்பட்டு நிற்கவில்லை. ஆகவே செலவு குறைந்த வழியில் முதலில் இறங்குவதே விவேகம் என்று நமக்குப் பட்டது.

வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்யத் தொடங்கினோம். கூடத்துச் சுவரில் விரல் ஏறிய உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தோம். குழந்தைகளின் உயரத்தைக் குறிப்பதுபோல் வாரத்துக்கு ஒரு கோடு. சில வாரம் ஒரு விரற்கடை உயரும். சில வாரம் அசையாது.

அம்மா திண்ணையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது எழுபத்திரண்டு. முந்தின வருஷம் புழக்கடையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த டாக்டர், விரல்களை மூடித் திறக்க வேண்டும், கையைப் புழங்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அம்மா முயன்றபோது வலியில் முகம் சுளித்தாள். அதைக் காணப் பொறுக்காமல், "வேண்டாம் அம்மா, அசைக்காதே" என்று தடுத்துவிட்டோம். தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்க விடவில்லை. அன்பு என்று நினைத்துச் செய்தது அது. கை இறுகிப்போய், அந்த மார்கழியில் வாசலில் அம்மாவின் கோலம் விழவில்லை. எலும்பு கூடியும் கை கூடவில்லை. வயதாகிவிட்டது, என்ன செய்வது என்று வீட்டில் எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

சுவரில் ஐந்தாவது கோடு போட்ட அன்று அம்மா கேட்டாள்: "அன்றைக்கு நானும் இப்படித்தானே அசைத்துப் பார்த்தேன். நீதானேடா அதட்டி உட்கார வைத்தாய்?"

அதட்டலாக ஒன்றும் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். நமக்குச் சுவரைப் பார்த்தபடியே நிற்க வேண்டியதாயிற்று.

மறு வாரம் அம்மாவையும் பஸ்ஸில் அழைத்துப் போனோம். அந்தப் பெண் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "முன்னாடியே வந்திருந்தால் இன்னும் நல்லா வந்திருக்கும், பாட்டி. இப்பவும் மோசமில்லை" என்றாள். யாருடைய தவறென்று அவள் கேட்கவில்லை. நாமே சொன்னோம். வெந்நீரில் கையை வைத்து விரல்களை மூடித் திறப்பது, ஈரத் துணியைப் பிழிவது, கரண்டியைப் பிடித்து உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவது, பிறகு சப்பாத்தி மாவு பிசைவது என்று அம்மாவுக்கும் பாடம் கிடைத்தது. அவள் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

வாசகர்கள் வீட்டிலும் இப்படிக் கட்டுப் பிரித்த கை ஒன்று இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின் படுத்த படுக்கையாய் ஒரு பெரியவர் இருக்கலாம். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வெளியே வர இயலாதவர்களின் வீட்டுக்கே இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பார்க்கலாம். "அசைக்காதே" என்று சொல்வதற்கு முன்னால், எவ்வளவு அசைக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது.

பதினான்கு மாதம் ஆயிற்று. நமது கை முழுதும் எழும்பவில்லை. முதுகைச் சொறிய இன்னும் விசிறிக் காம்பு வேண்டியிருக்கிறது. ஆனால் வட்டத்தைப் பலகையின் மேல்பாதியில் போட முடிகிறது. கடைசி வரிசைப் பையனுக்கு அதனால் கணக்கு விளங்கிவிட்டதா என்பது வேறு விஷயம்.

அம்மாவின் மணிக்கட்டும் முழுதும் திரும்பவில்லை. டப்பா மூடியைத் திறக்க ஒருவரைக் கூப்பிடத்தான் வேண்டும். சென்ற மார்கழி முதல் நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தபோது, வாசலில் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று இருந்தது. முன்போல் பெரிய கோலமல்ல. ஓர் இழை சற்று நடுங்கியிருந்தது. அதை மிதித்துவிடாமல் ஓரமாகச் சுற்றி நடந்து பள்ளிக்கூடம் போனோம்.