ரூஹை நிறுத்த தராசும் நினைவிழந்தவரின் செவியும்



மனித ஆன்மாவின் எடை 21 கிராம் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாக ஒரு காணொளி நம் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுமங்களில் அவ்வப்போது வலம் வருகிறது. அதன் கீழ் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று எழுதுவோரும் உளர். மதரஸாவில் ஓதும் பிள்ளைகளும் இது குறித்து நம்மிடம் வினவுகின்றனர். அந்த 21 கிராம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டங்கன் மெக்டூகல் என்னும் மருத்துவர் 1907இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஸகராத் நிலையிலிருந்த நோயாளிகளைக் கட்டிலோடு பெரியதொரு தராசின் மேல் கிடத்தி, உயிர் பிரியும் கணத்தில் எடை குறைகிறதா என்று அவர் கவனித்தார். நோயாளிகள் மொத்தம் 6 பேர். முதலாமவரிடம் முக்கால் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 21 கிராம் குறைந்ததாம். இருவரின் அளவுகளை அவரே தள்ளிவிட்டார். ஏனையோரின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. பின்னர் 15 நாய்களையும் அவ்வாறே நிறுத்தார். அவற்றின் எடை குறையக் காணோம். ஆகவே விலங்குகளுக்கு ஆன்மா இல்லை என்று கருதினார். அகஸ்டஸ் கிளார்க் என்னும் மற்றொரு மருத்துவர் அப்பொழுதே இதை மறுத்தார். மூச்சு நின்றதும் நுரையீரல் இரத்தத்தைக் குளிர்விப்பது நின்றுவிடும், உடல் வெப்பம் சற்றே உயர்ந்து வியர்வை பெருகும், நாய்களுக்கோ மனிதரைப் போல் வியர்ப்பதில்லை என்பது அவர் வாதம். ஒரே ஒரு மனிதரிடம் எடுத்த ஒரே ஓர் அளவு, நூறாண்டு கடந்து நம் கைப்பேசிக்கு ஈமானின் ஆதாரமாக வந்து சேர்ந்திருக்கிறது!

ரூஹின் விவகாரத்தை அல்லாஹ் தன்னிடமே வைத்துக்கொண்டான் என்பது அல்குர்ஆன் 17:85 நமக்குத் தரும் பாடம். தராசு முள்ளின் மீது ஈமானை நிறுத்தியவர், அந்த முள் பிழை என்று தெரியவந்த நாளில் எதன் மீது நிற்பார்? நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்று இந்த மறுப்பையெல்லாம் படிக்கத்தான் போகிறார்கள்.

தொலைவில் இருப்பதை மனத்தால் காண முடியுமா என்றறிய அமெரிக்க இராணுவமும் உளவுத்துறையும் 1970களிலிருந்து 1995 வரை ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவிட்டன. உளவுப் பணிக்கு உதவும் தகவல் எதுவும் அதனால் கிடைக்கவில்லை என்று மதிப்பாய்வு கூறவே, திட்டம் மூடப்பட்டது. ஸுலைமான் (அலை) அவர்கள் கைத்தடியில் சாய்ந்தவாறே மரணித்திருந்ததை, அவர்களுக்காக உழைத்துக்கொண்டிருந்த ஜின்களே அறியவில்லை (34:14). நிலைமை இவ்வாறிருக்க, தொலைந்த நகைக்காக மை போட்டுப் பார்ப்பவரிடம் செல்லும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் இன்றும் உள்ளன. குறிகாரனிடம் சென்று கேட்பவரின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற நபிமொழி முஸ்லிம் நூலில் பதிவாகியிருப்பது அவர்களுக்குத் தெரியாமலும் இல்லை.

மரண விளிம்பைத் தொட்டு மீண்டவர்கள் கூறும் அனுபவங்களையும் ஆய்ந்துள்ளனர். சாம் பார்னியா என்னும் மருத்துவர் தலைமையில், இதயம் நின்றுபோன 2,060 நிகழ்வுகளை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும் படங்களை உயரமான பலகைகளில் வைத்திருந்தார்கள். தாம் கண்டதையும் கேட்டதையும் விவரித்த இருவருக்கும், அந்தப் பலகை இல்லாத இடத்திலேயே இதயம் நின்றிருந்தது. கேள்வி கேள்வியாகவே நின்றுவிட்டது.

ஆனால் உணர்வு பற்றிய ஆய்வுகளில் ஒன்று நம் குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டியது. விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு, எவ்விதச் சைகைக்கும் பதில் காட்டாதிருந்த 23 வயதுப் பெண்ணொருவரை ஏட்ரியன் ஓவன் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் மூளை வருடிக் கருவியில் கிடத்தி, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள், உங்கள் வீட்டின் அறைகளில் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள் என்று சொன்னார்கள். நலமானவர்களின் மூளையில் எப்பகுதிகள் இயங்குமோ அதே பகுதிகள் அப்பெண்ணின் மூளையிலும் இயங்கின. 2006இல் இது வெளியாயிற்று. 2024இல் வெளிவந்த விரிவான ஆய்வில், கட்டளைக்கு உடலால் எப்பதிலும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை அக்கட்டளைக்கு இணங்கியது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர்! நினைவில்லை என்று நாம் முடிவு கட்டியவர்களுள் சிலர் நம் சொற்களைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

இதைப் படித்தபோது, நோய் விசாரிக்கச் சென்ற வீடுகள் பல நம் நினைவில் எழுந்தன. கட்டிலைச் சுற்றி அமர்ந்து, படுத்திருப்பவரின் வீட்டை எப்படிப் பிரிப்பது என்று பேசுகிறார்கள். எந்த மருமகள் கவனிக்கவில்லை என்று வாதிடுகிறார்கள். “இவ்வளவு கஷ்டப்படுவதற்குப் போய்விடலாம்” என்று அவர் முகத்துக்கு நேரேயே சொல்கிறார்கள். மரணத் தறுவாயில் இருப்பவருக்குக் கலிமாவை நினைவூட்டச் சொன்ன மார்க்கம், நோயாளியின் அருகில் நல்லதையே பேசுங்கள் என்றும் கற்பித்திருக்கிறது.

“நினைவே இல்லாதவருக்குக் கலிமா சொல்லிக் கொடுப்பதில் பயன் உண்டா, ஹஜ்ரத்?” என்று அத்தகைய வீடொன்றில் ஓர் இளைஞர் கேட்டார். மெல்லிய குரலில் சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லி நெருக்காதீர்கள், முதலில் நீங்கள் யார் என்று அவருக்குச் சொல்லுங்கள் என்றோம். அவர் தந்தையின் காதருகே குனிந்து, “வாப்பா, நான்தான் வந்திருக்கிறேன்” என்றார். வாசலருகே பாகப்பிரிவினை பேசிக்கொண்டிருந்தவர்களை அவருடைய உம்மா கையசைத்து வெளியே அனுப்பினார்.